சொல்லாத விண்ணப்பம்

...கழுத்தைப் பார்க்காதே, பாட்டைப் பார், என்று ஆர்லிஸ் தன்னையே அதட்டிக்கொண்டாள், ஆனால் மாநில செனட்டர் ராய்ஸ் டாங்கன் முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய கழுத்தைத் தாண்டித்தான் சிலுவையையே பார்க்க முடிகிறது, புதிதாக முடி வெட்டி, பவுடர் பூசிய இளஞ்சிவப்புக் கழுத்து... பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆலயத்தில் வந்து ஒருவரை இப்படி அருவருக்கலாமா? வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே ஹீட்டர் தடதடக்கிறது, பக்கத்தில் அவள் கணவர் வெர்லினின் வலது கை பாட்டுப் புத்தகத்தின் மேல் தட்தட் என்று அடித்துக்கொண்டிருக்கிறது, நடுக்குவாதம், ஆறாவது குளிர்காலம். முதலில் விரல் மட்டும்தான் ஆடியது. அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும், "சர்க்கரையைப் போட்டுக் குடுத்துடு ஆர்லிஸ், ஸ்பூன் எதுக்கு, நானே கலக்கிக்குவேன்" என்பார். இப்போது சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள், அந்த நேரத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சற்று முன்புதான் போதகர் ராய்ஸை முன்னால் அழைத்து நிறுத்தினார். கலைந்த கருவின் திசுவை இந்த மாநிலத்தில் ஆராய்ச்சிக்கோ சிகிச்சைக்கோ யாரும் தொடக் கூடாது என்று ராய்ஸ் கொண்டுவந்த சட்டத்துக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். ராய்ஸும் பேசினார், "பிறக்காத பிள்ளைங்க மருந்துச் சாமான் இல்ல, அப்படிக் கிடைக்கிற சுகம் எனக்கு வேண்டவே வேண்டாம்" என்றார், தொண்டைகூட அடைத்துக்கொண்டது. எங்கிருந்து வருகிறது அந்தக் கரகரப்பு, கடையில் வாங்கிவைத்திருப்பாரோ? கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் பாடினால்கூடக் கைதட்டாத சபை, இன்று தட்டியது. வெர்லின் தட்டவில்லை, அவர் கைதான் புத்தகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, ராய்ஸ் அதைக் கைதட்டல் என்று நினைத்து அவரைப் பார்த்துத் தலையாட்டி நன்றி சொன்னார்... கர்த்தாவே, அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே.

பல்கலைக்கழக மருத்துவமனையில் வெர்லினைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கலைந்த கருவிலிருந்து வளர்த்த செல்களை மூளைக்குள் வைக்கும் சோதனைச் சிகிச்சை, அறுவடை முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்ட தன் குழந்தையை நினைத்துப் பல நாள் அழுதாள், அதற்குப் பெயர்கூட வைத்திருந்தாள், வெர்லினுக்கு மட்டும் தெரிந்த பெயர். பிறகு, யாரோ ஒரு பெண் தன் துக்கத்தின் நடுவிலும் யாருக்காவது உதவட்டும் என்று சொல்லியிருக்கிறாளே, அதைத் தள்ளிவிட நான் யார் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டார்கள். அறுவடை வருவதற்குள் சட்டம் வந்துவிட்டது. டாக்டரம்மா போனில், "மன்னிச்சுடுங்கம்மா, எங்க கையக் கட்டிட்டாங்க" என்றாள். பின்வரிசை கிளாடிஸ் இருக்கிறாள், அவளுக்கும் இந்தச் சிகிச்சை பாவம்தான், ஆனால் அவள் தன் நோய்க்கும் அப்படி வந்த மருந்தை வேண்டாம் என்று சொன்னவள், அவள்மேல் கோபமே வரவில்லை, அவளோடு சேர்ந்து ஜெபிக்கலாம். இந்தக் கழுத்தோடு எப்படி?

ஏனென்றால் ஆர்லிஸுக்குத் தெரியும். தெரிந்திருக்கக் கூடாது, ஆனால் தெரியும். இந்தச் சபையில் சொல்லாத விண்ணப்பம் என்று ஒன்று உண்டு, கையைத் தூக்கி அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னால் போதும், என்ன ஏது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள், எல்லாரும் ஜெபிப்பார்கள். சட்டம் வருவதற்கு முந்தின வசந்தத்தில் ராய்ஸ் கையைத் தூக்கினார். ஆர்லிஸும் ஜெபித்தாள், விட்டுவிடாமல், ஒவ்வொரு காலையும் அவர் பெயரைச் சொல்லி. பிறகு அவரும் மனைவியும் சில வாரம் வெளியூர் போனார்கள், ஊர் திரும்பியதும் கோழியும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்ட பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். வாசலிலேயே அவர் மனைவி லோயிஸ் கட்டிக்கொண்டாள், நோய் கண்ட வீட்டுக்குத்தான் சபையார் சாப்பாடு கொண்டுவருவார்கள், அது வந்துவிட்டது என்றால் விஷயமும் தெரிந்துவிட்டது என்று அவள் கணக்கு. "எல்லாம் உங்க ஜெபம் ஆர்லிஸ்! மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில கலைஞ்ச கருவோட செல்லை அவர் மூளையில வச்சிட்டாங்க, கை ஆடறதே நின்னுபோச்சு! வெர்லினையும் சீக்கிரம் பாருங்கம்மா, ஒரே நோய்தானே." உள்ளேயிருந்து ராய்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார், அவர் கையில் காபிக் கோப்பை, விளிம்புவரை காபி, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அதே கைதான் பிறகு சட்டத்தை எழுதியது. அந்த மேற்குக் கடற்கரை ஆஸ்பத்திரிக்கு ஆர்லிஸும் போன் செய்து பார்த்தாள், அங்கே இடம் கிடைக்க ஆள் தெரிந்திருக்க வேண்டுமாம்.

"விண்ணப்பம் இருக்கிறவங்க சொல்லலாம்" என்றார் போதகர்.

இதற்காகத்தான் வந்தாள். வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் தயாராக இருந்தது, ராய்ஸ், உங்க கை ஆடறது எப்படி நின்னுச்சுன்னு சபைக்குச் சொல்லுங்க. அவ்வளவுதான். கையைத் தூக்கினாள். முன்பெஞ்சில் லோயிஸ் திரும்பிப் பார்த்தாள், முகம் வெளுத்துப்போயிருந்தது, ஓ, அவளுக்கும் புரிந்துவிட்டது. வியாழக்கிழமைகளில் வந்து வெர்லினுக்கு ஊட்டிவிட்டு, "போய்க் கடை கண்ணியப் பாத்துட்டு வாங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்கிற லோயிஸ். அவர் தாடையில் வழிவதை அவருக்கே தெரியாமல் துடைக்கத் தெரிந்தவள். இந்த வாக்கியம் முதலில் யார்மேல் விழும்? ராய்ஸ் ஏதாவது பேசித் தப்பிவிடுவார், தொண்டை கரகரக்கும், மறுபடியும் கைதட்டுவார்கள்கூட...

"சொல்லாத விண்ணப்பம்" என்றாள் ஆர்லிஸ். அது தன் குரலா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

பிறகு சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம், எல்லாரும் எழுந்தார்கள். ராய்ஸ் திரும்பினார், வெர்லினின் ஆடும் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கிக்கொண்டார். "சமாதானம் வெர்லின் அண்ணே. உங்களுக்காக தினம் ஜெபிக்கிறேன்."

வெர்லின் நிமிர்ந்து பார்த்தார். "ஜெபம் மட்டும்தானா தம்பி? அதுக்கு இன்னும் தடை போடலியே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், ராய்ஸும் சிரித்தார், சற்றுத் தாமதமாக. ஆர்லிஸ் ராய்ஸின் கைகளையே பார்த்தாள். பழுப்புப் புள்ளி விழுந்த முதிய கைகள், அசையவில்லை, அவற்றுக்குள் வெர்லினின் கையும் ஒரு கணம் ஆடாமல் இருந்தது. அருவருப்பு போய்விடவில்லை, நாக்கின் அடியில் அப்படியே கசந்தது. ஆனால் அதற்கு முன்பே, அவளைக் கேட்காமலே, வேறொன்று வந்துவிட்டிருந்தது... ஸ்தோத்திரம், வேலை செய்கிறதே, இந்த மருந்து வேலை செய்கிறதே. ராய்ஸுக்குச் சுகம் கொடும் என்று அவள் ஜெபித்தது அப்படியே நடந்திருக்கிறது. வேண்டாம் என்றா ஜெபித்தாள்? இனி நாளைக் காலையில், ராய்ஸ் என்ற பெயர் வரும் இடத்தில், எதைக் கேட்பது?

அடுத்து ராய்ஸ் அவள் பக்கம் கையை நீட்டினார்.