கூப்பிட்டால் வருகிறவர்கள்

ஃபோன் அடித்தபோது அவள் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். குளிக்கும்போதும் ஃபோனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் குளியலறை ஜன்னலில் கண்ணுக்கு எதிரே வைத்திருப்பது அவள் வழக்கம். ஆள் அனுப்பும் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்து, அடித்து ஓய்வதற்குள் எடுக்காவிட்டால் அன்றைய வேலை அடுத்தவளுக்குப் போய்விடும். இதனாலேயே லாண்டரியில் அவளுக்கு ஃபோன்காரி என்று பெயர் விழுந்திருந்தது. கண்ணில் நுரை எரிய, ஒரு கையால் துழாவி எடுத்தாள்.

"இன்னிக்கு வர முடியுமாம்மா?" என்றது பழகிய பெண் குரல். எப்போதும் கறாராகப் பேசும் குரல் இன்று குழைந்தது. "இன்னிக்கு மட்டுமில்ல, இந்த வாரம் முழுக்க இருக்கு. அடுத்த வாரமும் இருக்கும்போல. நாங்களே வேன் அனுப்பறோம், நீங்க பஸ்ஸுக்கு அலைய வேண்டாம்."

"வர்றேங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. இரண்டு சொம்பு தண்ணீர் தலையில் விழுந்த பிறகுதான் மனசு வந்து சேர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில், நாத்தனார் டிஃபன் டப்பாவை அழுத்தி மூடும் சத்தம் கேட்டது. நாத்தனார் கிளம்புவதும் அதே லாண்டரிக்குத்தான். ஆனால் இன்று கேட்டைத் தாண்ட மாட்டாள். நிரந்தரத் தொழிலாளர்களின் ஸ்ட்ரைக் இன்றுதான் ஆரம்பம்.

அந்த வீட்டில் சம்பாதிக்கிறவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் மூன்று ரகம். நாத்தனார் பர்மனென்ட். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துக் கொடுக்கும் அந்த லாண்டரியில், இளம் வயதிலேயே சேர்ந்து அங்கேயே நரைத்தவள். அவளுக்கு லீவு உண்டு, மருத்துவச் செலவு உண்டு, உடம்புக்கு முடியவில்லையென்றால் போர்த்திக்கொண்டு படுக்கும் உரிமை உண்டு. தம்பி பெண்டாட்டியான இவளோ கூப்பிட்டால் போகிறவள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை விழுங்கிவிட்டு ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். காய்ச்சலிலும் இப்படி உசத்தி தாழ்த்தி இருக்கிறது என்பது இந்த வீட்டுக்கு வாழ வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. புருஷன் சொந்த வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். நீ எங்கள் வேலையாள் இல்லை, எங்கள் பார்ட்னர் என்று அந்தக் கம்பெனி அவனுக்குச் சொல்லியிருந்தது. "பார்ட்னர்னா பங்காளி. பங்காளின்னா சொத்துல பங்கு தரணும்ல? இவனுங்க சண்டைக்கு மட்டும்தான் பங்காளி" என்று அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டே சொல்வான். வீடு வாடகைக்குக் கிடைத்ததே நாத்தனாரின் வேலையைப் பார்த்துத்தான். வீட்டுக்காரர் மற்ற இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்கா பேர்லயே இருக்கட்டும்" என்றார். அதை நாத்தனார் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும் என்று இவளுக்குச் சில சமயம் தோன்றும்.

அவள் ஈரத் தலையோடு வெளியே வந்தபோது நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரைக்குப் போகிறவளும் யூனிஃபாரம்தான் போட்டிருந்தாள்.

"ஃபோன் வந்துச்சா?" என்றாள் நிமிராமல்.

"வந்துச்சுக்கா."

"ம்" என்று படி இறங்கிவிட்டாள்.

வேன் ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தார்கள். உள்ளே எல்லாப் பெண்களும் கல்யாணத்துக்கும் இழவுக்கும் நடுவில் எங்கோ போகிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். கேட் நெருங்கியதும் வெளியே கூச்சல் எழுந்தது. யாரோ வேனின் வயிற்றில் படபடவென்று தட்டினார்கள். "வெளியாளே, உள்ளே போகாதே!" வெளியாள் என்ற சொல் திரையைத் தாண்டி வந்து அவள் மடியில் விழுந்தது. போன மாதம்வரை அந்த வாய்கள்தான் அவளை ஃபோன்காரி என்று கூப்பிட்டு, டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தன. திரையை ஒரு விரலால் விலக்கினாள். கோஷ அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்த நாத்தனார் மிகப் பக்கத்தில் நின்றாள். இவளைப் பார்த்ததும் அட்டை சற்றே தாழ்ந்து அவள் முகத்தை மறைத்தது. கை வலித்து இறக்கினாளா, வேண்டுமென்றே மறைத்தாளா என்று தெரிவதற்குள் வேன் உள்ளே போய்விட்டது.

உள்ளே நீராவியும் சோப்பு வாடையும் எப்போதும் போலவே இருந்தன. அவளை ரோலருக்கு அனுப்பினார்கள். அறை அகலத்துக்கு நீண்டு கிடக்கும் சூடான உருளை அது. ஈர விரிப்பின் இரு முனைகளையும் இருவர் பிடித்து, உதறி, ஒரே சமயத்தில் உள்ளே விட வேண்டும். அவளுக்கு அந்த வேலையைப் பழக்கியதும், ஆள் குறையும் நாட்களில் ஜோடியாக நிற்பதும் நாத்தனார்தான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளக்கூட மாட்டார்கள். ஒருத்தி மூச்சை இழுத்தால் மற்றவள் கை உயரும். இன்று எதிர்முனையில் புதிதாக வந்த ஒரு நெட்டைப் பெண் நின்றாள். எங்கேயோ ஹோட்டலில் தரை துடைத்துக்கொண்டிருந்தவளை அவசரமாகக் கூட்டி வந்திருந்தார்கள். பாவம், அவள் இழுத்தால் இவள் விட்டாள், இவள் இழுத்தால் அவள் விட்டாள். விரிப்புகள் கோணிக்கொண்டு உள்ளே போய், நடுவில் மடிப்பு விழுந்து, சூடு பட்ட தழும்புபோல வெளியே வந்தன. "எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. வீட்டுக்காரர் படுத்த படுக்கையா கிடக்காரு, அதான் சரின்னு வந்துட்டேன்" என்று நெட்டை மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

மதியம் சூப்பர்வைசர் அவளைத் தனியாக அழைத்தார். நல்ல மனிதர்தான், முகத்தைப் பார்த்துப் பேசுவார். இன்று அவள் தலைக்கு மேலே இருந்த குழாயைப் பார்த்துப் பேசினார். "இந்த ஸ்ட்ரைக் முடியறவரைக்கும் நீ தவறாம வா. உன்னை மாச கான்ட்ராக்ட்ல எடுத்துக்கச் சொல்லி மேல பேசிட்டேன். இனிமே ஃபோனுக்காகக் காத்துக்கிட்டு உக்கார வேண்டாம்." பிறகு ஒரு சாவியை நீட்டினார். "பையை இதுல வெச்சுக்கோ."

சாவியில் இருந்த எண்ணை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். நாத்தனாரின் அலமாரி. திறந்து பார்த்தாள். வெடித்த விரல்களுக்குப் போடும் களிம்பு, ஒரு சீப்பு, வேலைக்குப் போடும் தேய்ந்த ரப்பர் செருப்பு. செருப்பின் உள்ளே ஐந்து விரல்களும் பள்ளமாகப் பதிந்திருந்தன. "அவங்க வந்தா?" என்று கேட்டாள். சூப்பர்வைசர் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வரட்டும், பாக்கலாம்" என்றார். அவள் அலமாரியை மூடிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று முழுவதும் பையைத் தரையில், காலுக்கு நடுவிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தாள். ஆனால் மாச கான்ட்ராக்ட் என்ற சொல் மட்டும் காதுக்குள் ஒரு பாட்டுப்போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது பொய்யில்லை. அவள் ஆசைப்பட்டாள்.

சாயங்காலம் மொட்டைமாடியில் நாத்தனார் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. புருஷன் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, இதற்கு வண்டிக்கு அடியில் படுப்பது மேல் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். நாத்தனார் பெரிய விரிப்பின் ஒரு முனையை நீட்டினாள். இவள் வாங்கிக்கொண்டாள்.

"உங்க அலமாரியை எனக்குக் கொடுத்தாங்க" என்றாள். "நான் வாங்கிக்கல."

விரிப்பு ஒருமுறை உதறப்பட்டுக் காற்றில் எழுந்து தாழ்ந்தது. நாத்தனாரின் முகத்தை அது மறைத்துவிட்டது.

"உங்க கோரிக்கை என்னன்னு இன்னிக்குத்தான் காதால கேட்டேன்க்கா. வெளியாளை நிறுத்துன்னு கத்துறீங்க. எங்களை உள்ள சேத்துக்கோன்னு ஒரு வார்த்தை அதுல இல்லையே. நான் உங்களுக்கு வெளியாளா?"

நாத்தனார் முனைகளைச் சேர்க்க ஓரடி முன்னால் வந்தாள், இவளும் வந்தாள். கைகள் தொட்டுக்கொண்டன.

"கூட்டத்துல ஒருத்தர் கேக்கத்தான் செஞ்சாரு" என்றாள் கட்டைக் குரலில். "அவங்களையும் சேத்துக் கேட்டா நம்ம விஷயம் இழுத்துக்கிட்டே போகும்னு சொன்னாங்க. வேண்டாம்கிறவங்க கையத் தூக்குங்கன்னாங்க." விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்தாள். "நானும் தூக்கினேன். உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. வந்தும் தூக்கினேன். இந்த வேலை போச்சுன்னா வீடு போயிடும். அந்த பயம்."

விரிப்பு சின்னச் சதுரமாகச் சுருங்கி நாத்தனாரின் கைக்குப் போனது. "நாளைக்குப் போவாதேன்னு நான் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு வாயில்ல" என்றாள்.

கோபம் வரும் என்று இவள் நினைத்தாள். வந்தது, ஆனால் நாத்தனாரின் மேல் நிற்காமல் எங்கோ நழுவிப் போய்விட்டது. அந்தப் பயத்தை இவளுக்கு நன்றாகத் தெரியும். ஃபோன் அடிக்காத காலைகளில் அவள் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பதும் அதே பயம்தான். பர்மனென்ட்காரர்களுக்கு அது இருக்காது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

மறுநாளும் வேன் வந்தது. ஏறினாள். முந்தின நாளைவிடப் பேச்சு அதிகமாக இருந்தது. கேட்டால், சூப்பர்வைசர் மாச கான்ட்ராக்ட் ஆசையை எல்லோருக்கும்தான் காட்டியிருக்கிறார். "உனக்குமா?" "எனக்கும்தான்." "அத்தனை பேருக்கும் இடம் எங்கேர்ந்து வரும்?" யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே அடங்கியது.

"வெளிய நிக்கறவங்களைத் துரத்தினாத்தான் வரும்" என்றாள் அவள். "அப்புறம் நம்மளைத் துரத்த இன்னொரு வேன் வரும்." கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து நின்று, "நிறுத்துங்கண்ணே, நான் இறங்கிக்கறேன்" என்றாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "உள்ள கொண்டுபோய் விடச் சொல்லித்தாம்மா எனக்குச் சொல்லியிருக்காங்க. நானே நேத்திலேர்ந்துதான் ஓட்டறேன். என் வயித்துல அடிக்காதீங்க."

"நாங்களே கதவைத் தொறந்துக்கிட்டு இறங்கிட்டோம்னு சொல்லிடுங்கண்ணே."

அவள் பின்னால் யார் இறங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் ஒருத்தி, பிறகு கைகோத்துக்கொண்டு இரண்டு பேர், அப்புறம் ஒரு கும்பலாக. சிலர் இறங்கவில்லை. நெட்டை கடைசி இருக்கையில் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் இவள் இறங்கினாள். வேன் மிச்சமிருந்தவர்களோடு உள்ளே போயிற்று.

கேட்டில் கைதட்டல் எழுந்தது. வாங்க வாங்க என்று சங்கச் செயலாளர் சாலையின் பாதிவரை ஓடி வந்தார். இறங்கியவர்கள் அங்கே போகவில்லை. எதிர்ப்பக்கம், மூடிய கடைகளின் ஓரமாக, வரிசைகூட இல்லாமல் நின்றுகொண்டார்கள். செயலாளருக்குப் புரியவில்லை. கிட்டே வந்தார்.

"என்னம்மா இங்க நின்னுட்டீங்க? அங்க வாங்க, நாமெல்லாம் ஒண்ணுதானே."

"ஒண்ணுன்னா எழுதுங்கண்ணே" என்றாள் அவள். "எங்களை நிறுத்தணும்னு இல்ல, எங்களையும் உள்ள எடுக்கணும்னு உங்க கோரிக்கையில எழுதுங்க. எழுதினா அந்தப் பக்கம் வர்றோம்."

"முதல்ல வாங்க. அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"எங்களுக்கு வாய்ச்சதே அந்த அப்புறம்தான்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். செயலாளர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அங்கே தலைகள் கூடின. தலைகளுக்கு நடுவிலிருந்து, நாத்தனாரின் கட்டிப்போன குரல் எல்லோருக்கும் மேலே எழுந்து பேசுவது கேட்டது. என்ன பேசுகிறாள் என்பது சாலையைத் தாண்டி வரவில்லை.

அப்போதுதான் அழுக்குத் துணி ஏற்றிய லாரி வளைவில் திரும்பி வந்தது. கேட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம், எதிரே ஒரு கூட்டம். நடுவில் வந்து நின்ற டிரைவர் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். தார்ப்பாய்க்கு அடியில் பிதுங்கிக்கொண்டிருந்த வெள்ளை விரிப்பு ஒன்று காற்றில் நழுவித் தார்ச்சாலையில் விழுந்தது. யாரும் அசையவில்லை. பிறகு லாரியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு யூனிஃபாரத்தில் நாத்தனார் தனியாக வந்தாள், குனிந்தாள், விரிப்பின் ஒரு முனையைக் கையில் எடுத்துக்கொண்டு, இவளைப் பார்த்தபடி சாலையின் நடுவிலேயே நின்றாள்.