சம்பந்தி, சாப்பிட வாங்க

1

இதில் எவ்வளவு நான் பார்த்தது, எவ்வளவு கேட்டது என்று எனக்கே நிச்சயமில்லை. போன வாரம் அகராதியில் வேறெதையோ தேடப் போய் ‘ஆர்ட்வார்க்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எறும்பும் கரையானும் தின்னும் ஓர் ஆப்பிரிக்க விலங்கு; தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு விவசாயிகள் வழியாக வந்த பெயராம். பொருள், மண்பன்றி. நெடுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. இறந்துபோன சித்தப்பாவின் குரல் கேட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மிருகக்காட்சிசாலையில் அந்தி மெல்ல...’

(வேண்டாம். அங்கே அந்தியை யாரும் கவனித்ததில்லை. எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம்.)

சித்தி அங்கே தீனி வைப்பவள். சித்தப்பா பெயர்ப்பலகை எழுதுபவர். புதிதாக வந்த அந்த விலங்குக்கு என்ன எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தது.

“மண்ணைத் தோண்டுது, மூக்கு பன்றி மாதிரி. மண்பன்றின்னு எழுதிட்டுப் போறேன்.”

(அகராதி பார்க்காமலே அந்த விவசாயிகளின் வழியில் போயிருக்கிறார்.)

“அது பன்றியே இல்லையாம், டாக்டர் சொன்னார். அதோட வகையிலேயே இப்ப அந்த ஒரு இனம்தான் மிச்சமாம். மூக்கைப் பார்த்து உங்களுக்குப் பேர் வெச்சா சும்மா இருப்பீங்களா?”

“நீதான் கல்யாணமான அன்னிக்கே வெச்சுட்டியே.”

பலகையில் மண்பன்றிதான் ஏறியது. சித்தி தனக்கென்று வேறு பெயர் வைத்துக்கொண்டாள். கூப்பிட்டால் தாமதமாக வரும். தீனியை முகர்ந்து குறை பார்க்கும். ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வாய் வைக்கும். ஆகவே, சம்பந்தி.

3

பகலெல்லாம் வளைக்குள் தூங்குவதைப் பார்க்க யார் காத்திருப்பார்கள்? காலிக் கூண்டுக்கா டிக்கெட் என்று புகார்கள். வேறொரு ஊர் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று சித்தி...

(இந்த வாக்கியம் முடியவே மாட்டேன் என்கிறது. அவள் அழவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.)

சில நாளில் அங்கிருந்து மேற்பார்வையாளர் தொலைபேசியில் வந்தார். விலங்கு வளையை விட்டு வரவில்லை, தீனியைத் தொடவில்லை, இப்படியே போனால் பிழைக்காது என்றார். எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். சித்தி குரலைத் தாழ்த்தினாள்.

“சிரிக்காதீங்க சார். ‘சம்பந்தி, சாப்பிட வாங்க’ன்னு கூப்பிடணும்.”

“மரியாதையாவா?”

“ஆமா சார். வான்னு கூப்பிட்டுப் பழக்கமில்லை.”

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. கூப்பிடுவதற்கு முன் மோதிரவிரலால் வாளி விளிம்பைத் தட்டுவாள். தினமும். தட்டுகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. அது வந்ததெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தானோ?

4

ஒரு முடிவு: அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். (இதை அடித்துவிட்டேன். பசியோடு ஒன்று கிடக்க, சித்தி கௌரவம் பார்ப்பவள் இல்லை.)

உடனே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். மறுநாள் மாலை சம்பந்தி வெளியே வந்து சாப்பிட்டதாகப் போன் வந்தது.

“பேருக்கு வந்துச்சா சார், தட்டினதுக்கு வந்துச்சா?”

“ரெண்டையும் சேர்த்தே செஞ்சுட்டோம்மா.”

எதற்கு வந்தது என்று எனக்கும் தெரியாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

5

சம்பந்தி அங்கேயே வயதாகி இறந்தது. அதன் பழைய கூண்டில் இப்போது முள்ளம்பன்றிகள்; பலகையில் சித்தப்பாவின் ‘பன்றி’யை மட்டும் விட்டுவிட்டு முன்பாதியை மாற்றி எழுதினார்கள். சித்தப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. சித்தி எங்களோடு இருக்கிறாள். சாப்பாடு தயாரானதும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். எதையும் தட்டுவதில்லை.