பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி

“அவங்க பேர் என்ன ஹாஜி?”

நான் கேட்டதும் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தஸ்பீஹ் ஜெபமணி உருட்டிக்கொண்டிருந்த ஒருவர் உருட்டுவதை நிறுத்தினார்.

இந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் சேர்ந்த அன்றே டாக்டர் மம்தூஹ் எனக்குப் போட்ட ஒரே தடை இதுதான். ஆம்பளைங்ககிட்ட அவங்க வீட்டுப் பொம்பளைங்க பேரை மட்டும் கேட்டுடாதே. நானும் எகிப்தின் இந்தக் கிர்கா ஊரில் பிறந்தவள்தான், தெரியாததா? செங்கல் சூளையில் வேலை செய்யும் என் அப்பா, அம்மாவை ‘ஹஸனோட அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். ஹஸன் என் தம்பி. அவன் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே நான் இருந்தேன். அந்த ஆறு வருஷமும் அம்மாவுக்குப் பேர் ‘ஏய்’.

ஹாஜி அப்துல் மவ்ஜூத் கவுண்ட்டரில் சாய்த்திருந்த கைத்தடியைக் கையில் எடுத்தார்.

“என்ன கேட்டே?”

“பேரு ஹாஜி. இந்த ரிப்போர்ட் யாரோடது?”

“என் வீடு. அதுதான் பேரு. ஸப்ரி, யாரு இந்தப் பொண்ணு? கெய்ரோவுலேர்ந்து இறக்கியிருக்கீங்களா?”

“நம்ம ஊர்ப் பொண்ணுதான் ஹாஜி. காலேஜ் படிச்சது” என்றார் ஸப்ரி. கவுண்ட்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவர்.

“அதான் பார்த்தாலே தெரியுதே.”

கூடம் சிரித்தது.

என்னைக் கவுண்ட்டருக்குக் கூப்பிட்டதே ஸப்ரிதான். பட்டியல் கெட்டுப்போச்சு, ஒரே ஆள் ரெண்டு தடவை வருது, வந்து பாரு என்றார். பட்டியல் கெட்டுப்போகவில்லை. அந்தப் பட்டியலை உருவாக்கியவளே நான், எனக்குத் தெரியும்.

நான் வருவதற்கு முன்னால் ஒரு ரிப்போர்ட்டை அச்சடிக்க ஸப்ரி டேட்டாபேஸுக்குள் இறங்கி, அட்டவணையைத் திறந்து, எண்ணைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு வந்து, ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் ஒரு குட்டிப் பெட்டியில் அதைத் தட்ட வேண்டும். தப்பாகத் தட்டினால் வெள்ளைத்தாள் வரும். நான் எல்லாவற்றையும் ஒரே திரைக்குக் கொண்டுவந்தேன். வலமிருந்து இடமாக, பெரிய அரபி எழுத்தில். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, அதன் கீழே வந்தவர்களின் பட்டியல். ஒரு வரியில் நின்றால் அந்த ரிப்போர்ட் பக்கத்திலேயே சின்னதாகத் தெரியும், பார்த்துவிட்டு அச்சிடலாம். மௌஸ் பிடித்தால் ஸப்ரிக்குக் கை நடுங்கும் என்று எண்டரைத் தட்டியே எல்லாம் முடிகிற மாதிரி செய்தேன். சொந்தப் பேர், அப்பா பேர், தாத்தா பேர் மூன்றும் இல்லாவிட்டால் அச்சிடும் பொத்தான் மங்கலாகக் கிடக்கும். எத்தனை தட்டினாலும் எழுந்திருக்காது.

ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. பிறகு பார்த்தால் பெண்கள் வந்த வரிகளில் எல்லாம் சொந்தப் பேர்க் கட்டத்தில் ஒரு புள்ளி. வெறும் புள்ளி.

“அது கேட்டுக்கிட்டே இருக்கு மகளே. வாயை அடைச்சேன்” என்றார் ஸப்ரி.

புள்ளியை ஏற்காதபடி மாற்றினேன். ‘வீடு’ என்று அடிக்க ஆரம்பித்தார். வயதுக் கட்டம் வைத்தேன். கிர்காவிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் பெண்கள் அனைவருக்கும் முப்பது வயது ஆனது. சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். இன்று காலை வரைக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

போன வாரம் ஹாஜி இரண்டு பேரைக் கூட்டி வந்திருக்கிறார். ஒருத்தி அவர் மனைவி, முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்க்க. இன்னொருத்தி குவைத்தில் இருக்கும் தம்பியின் மனைவி, எட்டு மாதக் கர்ப்பிணி. கூடத்தில் ஆண்கள் இருக்கிறார்கள் என்று இருவருக்கும் காரிலேயே வைத்து ரத்தம் எடுத்தார்கள். இரண்டு குழாயிலும் ஒரே எழுத்து, ஹாஜி அப்துல் மவ்ஜூத் வீடு. மறுநாள் கர்ப்பிணியின் ரிப்போர்ட்டைக் கேட்டு அவர் வந்தபோது, ஸப்ரி மேலே இருந்த வரியில் எண்டரைத் தட்டிக் கொடுத்துவிட்டார். அதில் ஹீமோகுளோபின் பதின்மூன்று, நல்ல அளவு. இன்று மனைவியின் ரிப்போர்ட்டுக்கு வந்திருக்கிறார். மிச்சம் இருக்கும் வரியில் நின்று பார்த்தேன். ஆறு.

இரண்டில் எது யாருடையது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

“அந்தப் பிள்ளைத்தாச்சி எப்படி இருக்காங்க ஹாஜி?”

“அவளுக்கென்ன. உங்க பேப்பரைப் பார்த்துட்டு, வீட்டுலேயே பெத்துக்கலாம்னு மருத்துவச்சி சொல்லிட்டா. ரெண்டு பேரும் கார்லதான் இருக்காங்க. அவ ஏறினதுலேர்ந்து தூங்குறா. இந்தக் காலத்துப் பொண்ணுங்க, நின்னா தூக்கம், உக்காந்தா தூக்கம்.”

மறுபடியும் சிரிப்பு. நான் திரையில் அந்த ஆறை மறுபடி பார்த்தேன்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். முதலில் ஹாஜியின் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார், அவருக்குச் செம்பருத்தி டீ சொன்னார், பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தியதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரி, ஒரே பேர், பதின்மூன்று, ஆறு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆறுங்கறது சந்தேகமில்லாம கர்ப்பிணியோடதாத்தான் இருக்கும்.”

“இருக்குமா, இருக்கா?”

“மகளே, நீ டாக்டரா நான் டாக்டரா?”

“நீங்கதான். அதனாலதான் கேக்குறேன். ரெண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கலாம். கார் வாசல்லதான் நிக்குது.”

“எடுத்தா, ஏன் எடுக்குறேன்னு சொல்லணும். சொன்னா, போன வாரம் மாத்திக் கொடுத்தோம்னு ஆயிடும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரியும். அப்புறம் இந்த வாசல்ல யாரு ஏறுவா?” குரலைத் தாழ்த்தினார். “மிச்சம் இருக்கறதை அச்சடிச்சுக் கொடுத்துடு. பெரியவங்களுக்கு எப்படியும் ஆபரேஷனுக்கு முன்னால ஆஸ்பத்திரியிலேயும் ரத்தம் பார்ப்பாங்க. தானா சரியாயிடும்.”

“சின்னவங்களுக்கு யாரு பார்ப்பா? வீட்டுல மருத்துவச்சிதானே இருப்பா?”

டாக்டர் மேசை மேல் இருந்த பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். இந்த மனிதர்தான் என்னை வேலைக்கு எடுத்தபோது அப்பாவின் கையைப் பிடித்து, உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி என்றவர். அப்பா அதை ஒரு வாரம் சூளையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு. அந்தப் பேர்க் கட்டத்தை எடுத்துடு. சுலபமா இருக்கணும்னுதானே உன்னை இந்தத் திரையைச் செய்யச் சொன்னேன்? ஸப்ரி பாவம், அதோட மல்லுக்கட்டுறாரு. ஒரு பெரிய பச்சைப் பொத்தான் வை, தட்டினா வரணும். யாரையும் எதையும் கேக்கக்கூடாது.”

“ஒரே பேருல ரெண்டு வந்தா?”

கொஞ்சம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், அதுதான் கொடுமை.

“வரிக்கு நம்பர் போட்டுடேன். வீடு ஒண்ணு, வீடு ரெண்டு.”

நான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஈ அதன் மேல் உட்கார்ந்து கால்களைத் தேய்த்தது. எதிரே இருந்த முகத்தைவிட அதைப் பார்ப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

“சரி, அச்சடிக்கிறேன்” என்றேன்.

கவுண்ட்டருக்குப் போய் இரண்டு வரியையும் அச்சடித்தேன், பதின்மூன்றையும் ஆறையும். ஸப்ரி, “எதுக்கு ரெண்டு?” என்றார். தாள்களை எடுத்துக்கொண்டு ஹாஜியின் முன்னால் நின்றேன். டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“ஹாஜி, போன வாரம் நீங்க வாங்கிட்டுப்போன பேப்பர் உங்க தம்பி மனைவியோடதா இல்லாம இருக்கலாம். இதுல ஒருத்தங்களுக்கு ரத்தம் ரொம்பக் குறைச்சல். பிரசவத்துல உயிரே போயிடற அளவுக்கு. யாருன்னு எங்களுக்குத் தெரியாது. ரெண்டு குழாயிலேயும் பேரே இல்லை.”

பின்னால் டாக்டரின் கதவு திறந்தது. “ரபாப்” என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஹாஜி டம்ளரைக் கீழே வைத்தார். நான் நினைத்ததைவிட வயதானவர். கண்ணில் பயம் தெரிந்தது. நிஜமான பயம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

“அவங்க பேர் என்ன?” என்றேன். “சொல்லுங்க. ரெண்டு பேரோட பேரையும் சொல்லுங்க, நான் இதுல எழுதுறேன், நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே பேர் இல்லாம சேர்க்க மாட்டாங்க.”

வாயைத் திறந்தார். சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கரும்பு வியாபாரி, பக்கத்துத் தெருப் பள்ளிவாசல் இமாம், செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்த ஓர் இளைஞன். உதடு அசைந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

“என் தம்பி வீடு” என்றார்.

இமாம் தலையை ஆட்டினார், நல்ல பதில் சொன்ன மாணவனுக்கு ஆட்டுகிற மாதிரி.

பேனாவை மூடினேன். ஸப்ரியின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய என் பையை எடுத்துக்கொண்டேன்.

“எங்கே போறே?” என்றார் டாக்டர். “ரபாப், வாசலைத் தாண்டினா நாளைக்கு வர வேண்டியதில்லை.”

“வீடு ரெண்டுன்னீங்களே, அப்பவே எனக்கு இந்த வேலை முடிஞ்சுபோச்சு டாக்டர்.”

“பொண்ணே, எங்கே போறே?” ஹாஜி எழுந்துவிட்டார்.

“கார்ல இருக்கறவங்களையே கேக்கப்போறேன். அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

கதவைத் தள்ளினேன். வெளியே வெயில். இரண்டு தாளையும் கையில் பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தேன்.