பதிவேட்டில் கிழிந்த பக்கம்

அந்தக் கன்னியர் சபைக்கு நூற்றுப் பத்து வயது. ஊரில் பாதிப் பேர் அவர்கள் பள்ளியில் படித்தவர்கள், மீதிப் பேர் அவர்கள் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். சபைத் தலைவியான மதரைக் கண்டால் நீதிபதியே எழுந்து நிற்பார். அப்படியென்றால் மடத்துக்குள் இருப்பவர்கள் பாட்டைக் கேட்க வேண்டுமா?

ஏட்டம்மாவுக்கு வெள்ளிக்கிழமை என்றாலே பயம். மடத்தில் அன்றாடம் நடப்பதை ஏட்டில் எழுதி, மறுநாள் மதியச் சாப்பாட்டில் உரக்க வாசிப்பது அவள் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான். வெள்ளி மாலை ஒவ்வொரு சிஸ்டரும் எல்லோர் முன்னும் மண்டியிட்டு அந்த வாரக் குற்றத்தைச் சொல்ல வேண்டும். கோப்பையை உடைத்தேன், ஜெபத்தில் தூங்கினேன் என்று ஏதாவது.

இந்த வாரம் கோப்பை உடையவில்லை. சபை நடத்திய குழந்தை இல்லத்திலிருந்து தத்துப் போன ஒரு பெண் செவ்வாயன்று வந்தாள். "என்னப் பெத்தவ பேர மட்டும் சொல்லுங்க சிஸ்டர்" என்று அழுதாள். பழைய பதிவேடுகளை யாருக்கும் காட்டக் கூடாதென்பது மதரின் கட்டளை. ஏட்டம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. எழுதிக் கொடுக்கலாமென்றால் வராந்தாவில் செருப்புச் சத்தம். பக்கத்தையே கிழித்துக் கையில் திணித்துவிட்டாள். சமையல் சிஸ்டர்தான் அந்தப் பெண்ணைப் பின்வாசல் வழியாக அனுப்பினாள்.

வெள்ளி மாலை மதர் மடியில் அந்தப் பதிவேடு இருந்தது. "ஒரு பக்கத்தக் காணோம். கிழிச்சவங்களே சொல்லிட்டா நல்லது."

ஏட்டம்மா மண்டியிட்டாள். "மையைக் கொட்டிட்டேன் மதர்" என்றாள்.

அடுத்து சமையல் சிஸ்டர். "பின்வாசலத் திறந்துவிட்டது நான் மதர்."

"பக்கத்தக் கிழிச்சதும் நீங்கதானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்கு மூணு மணி வண்டியில மலை மடத்துக்குக் கிளம்புங்க."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஏட்டம்மாவின் நெஞ்சு ஒரு நொடி ஆறியது. மறுநொடியே தன்மேல் அருவருப்பு வந்தது. சமையல் சிஸ்டருக்கு மூச்சிரைப்பு. மலைக் குளிரில் ஒரு மாதம் தாங்கமாட்டாள்.

ஏட்டம்மா சமையலறைக்கு ஓடினாள். "ஏன் என்னக் காட்டிக் கொடுக்கல?"

"உன் வாய் உங்கிட்டதானே இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள். "போ, ஏட்டை எழுது. மதர் கேப்பாங்க."

ஏட்டம்மா எழுத உட்கார்ந்தாள். நாற்பது வருடம் இருந்த மடம், வேறு போக்கிடம் கிடையாது. இரண்டு வரிதான் எழுதினாள்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று வாசித்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"சமையல் சிஸ்டரை மலை மடத்துக்கு மாற்ற உத்தரவாயிற்று. பக்கத்தைக் கிழித்தவள் அவளல்ல, இந்த ஏட்டை எழுதுகிறவள்."

கரண்டிச் சத்தம் நின்றது. மதர் நிமிர்ந்து பார்த்தார்.

"இத எழுத உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு மதர். இப்பவும் இருக்கு. வண்டிக்கு நான் போறேன்."

மதர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அது சரியென்றா, இல்லையென்றா, யாருக்கும் தெரியவில்லை. சமையல் சிஸ்டர் மட்டும் உள்ளே போய், வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொண்டுவந்து ஏட்டம்மாவின் முன்னால் வைத்தாள்.