பின்பக்கப் படிக்கட்டு

"ஒரே ஒரு நாள் பேச்சுதான்கா," என்றான் தம்பி. "வீடு குடுக்கிறவங்க வந்து நம்மளப் பாத்துட்டுப் போற வரைக்கும்தான். இது யாருன்னு கேட்டா, வீட்டு வேலைக்கு இருக்கிறவங்கன்னு சொல்லிடறோம். அவ்வளவுதான்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. அது அவனுடைய சட்டை. காலரை நீவி, கைகளை உள்ளே மடக்கி, அடுக்கின் மேல் வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஏன்டா, அக்கான்னு சொன்னா வீடு குடுக்க மாட்டாங்களாமா?"

"அக்கான்னா குடுப்பாங்க. அக்கா என்ன வேலை பாக்குறாங்கன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்றது?"

அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் வேலை. இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, தலைவாரி, உறவுக்காரர்கள் பார்க்கும்படி ஆக்கிக் கொடுப்பாள். பெற்றோர் போன பிறகு தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் அனுப்பியது அந்த வேலைதான். அவன் ஆளாகட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவளுக்கு, பிறகு தள்ளிப் போட எதுவும் மிஞ்சவில்லை. தம்பி இப்போது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் உதவி மேலாளர். அங்கே மனிதர்களின் சாவுக்கு விலை போட்டு எழுதுகிறார்கள்; அது கௌரவமான வேலை. அக்கா அதே மனிதர்களின் முகத்தைத் துடைத்துவிடுகிறாள். அது வெளியே சொல்லக் கூடாத வேலை. இந்த நியாயத்தை யார் வகுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அதனால் வீடு தேடினார்கள். அந்த நகரத்தை ரயில் பாதை இரண்டாக வெட்டியிருந்தது. பாதைக்கு ஒரு பக்கம் நிலம் உயர்ந்து போகும், மறு பக்கம் இறங்கிப் போகும். ஜனங்கள் அவற்றை மேடு, பள்ளம் என்றே சொன்னார்கள். மழைத்தண்ணீருக்கு மட்டும் தெரிய வேண்டிய இந்த வித்தியாசத்தை மனிதர்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். ஒருவன் எந்தப் பக்கத்தில் குடியிருக்கிறான் என்று தெரிந்தால் போதும், அவனுக்கு நாற்காலி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிடுவார்கள்.

பள்ளத்து வீட்டைத்தான் முதலில் பார்த்தார்கள். கீழே டயர் கடை, மாடியில் வீடு. மூன்று அறை, இரண்டு பக்கமும் ஜன்னல், வெயில் தாராளமாக விழுந்தது. ஆஸ்பத்திரிக்கு அக்கா நடந்தே போய்விடலாம். இரண்டாம் வகுப்பில் படிக்கும் தம்பி மகளுக்குப் பள்ளிக்கூடம் தெருக்கோடியில். டயர் கடையை நடத்திய அம்மாள்தான் வீட்டுக்கும் சொந்தக்காரி. கையில் ஒட்டியிருந்த கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே மேலே வந்தாள்.

"யார் யாரு வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டாள்.

தம்பி தொண்டையைச் செருமுவதற்குள் அக்கா தன் வேலையைச் சொல்லிவிட்டாள்.

"அப்ப விடியக்காலையிலேயே கிளம்பணுமே," என்றாள் டயர் கடைக்காரி. "கேட் சாவி ஒண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும். என்னை எழுப்பாதீங்க, எனக்குத் தூக்கம் முக்கியம்." நேர்முகம் அத்தோடு முடிந்தது.

தெருவில் இறங்கியதும் தம்பி சுவரில் சாய்த்து வைத்திருந்த லாரி டயர்களைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆபீஸ்ல எங்க குடியிருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

"பள்ளத்துலன்னு சொல்லு. வாய் வெந்துடுமா?" என்றாள் அக்கா.

அவன் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தான். அவள் எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: "நான் ஒண்ணும் சொல்லலப்பா. உங்க அக்கா, உங்க இஷ்டம்." ஒன்றும் சொல்லாமலே அந்த வீட்டில் எல்லாவற்றையும் நடத்திக்கொள்வது அவள்தான்.

மேட்டு வீட்டை விடிந்ததும் காட்டியிருந்தாலும் நள்ளிரவில் காட்டியிருந்தாலும் ஒன்றுதான். உள்ளே எப்போதும் விளக்கு எரிய வேண்டும். ஒரு கூடம், ஒரு படுக்கையறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சமையலறைக்குப் பின்னால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தால் தலை இடிக்கிற அளவுக்கு ஓர் அறை. தரகர் அதை "சர்வன்ட் ரூம்" என்று பெருமையாகச் சொன்னார். அந்த அறையின் கதவு இரும்புப் படிக்கட்டில் திறந்தது. கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டுகள்: முன்னால் இருந்த பளிங்குப் படி குடியிருப்பவர்களுக்கு, பின்னால் இருந்த இரும்புப் படி வேலைக்காரர்களுக்கும் குப்பைக்கும். மனிதரையும் குப்பையையும் ஒரே வழியில் அனுப்பிப் பழகியவர்கள் அவர்கள்.

தம்பிக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. அவனுடைய மேலாளர் அடுத்த தெருவில் குடியிருந்தார். அவனுக்குத் தேவைப்பட்டது விலாசம். கூடவே ஒரு வீடு இலவசமாக வந்தது.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஒரு முன்னாள் வரி அதிகாரி. அவரும் அவர் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களைப் பார்க்கப் பழைய வீட்டுக்கு வந்தார்கள். கௌரவமான குடும்பமா என்று அவர்கள் முகர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் சாவி கிடைக்கும். அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"இது?" என்று செயலாளர் மனைவி முகவாயால் சுட்டினாள்.

"வீட்டு வேலைக்கு இருக்காங்க," என்றான் தம்பி. சொல்லும்போது அவன் தரையைப் பார்த்தான். அந்த அளவுக்காவது அவனுக்கு வெட்கம் இருந்தது என்று எழுதி வைக்கலாம். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

"வீட்டோடயே தங்குறாளா? ரொம்ப நல்லது!" என்று செயலாளர் மலர்ந்தார். "நம்ம கட்டடத்துல ஆள் வெச்சுக்காத குடும்பம் ஒண்ணுகூட கிடையாது சார். தாங்களே குப்பை எடுத்துட்டு இறங்குறவங்களை எல்லாம் நாங்க சேக்குறதில்லை."

மறைக்கச் சொன்ன பொய்தான் வீட்டையே வாங்கிக் கொடுத்தது. தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று மாலை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாலதான்கா இந்த வீடே கிடைச்சுது," என்றான். அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மனதார நன்றி சொன்னான். அக்காவும் சிரித்துக்கொண்டாள். சின்ன வயதில் அவன் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோதும் அவள் இப்படித்தான் சிரித்தாள். பாசம் மனுஷியை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு அந்தச் சிரிப்பு போதும்.

ஒரு நாள் பேச்சு ஒரு நாளோடு போகவில்லை. செயலாளர் மாடிப்படியில் எதிர்ப்பட்டுக்கொண்டே இருந்தார். அதனால் அக்கா பின்படியில் போக வேண்டியிருந்தது. வேலைக்காரி கூடத்தில் படுத்திருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் அவள் படுக்கை சமையலறைக்குப் பின்னால் போனது. விடியக்காலையில் அவள் எங்கே போகிறாள் என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். இன்னொரு வீட்டிலும் வேலை செய்கிறாள் என்று தம்பி மனைவி சொல்லிவிட்டாள். ஒவ்வொரு முறையும் தம்பி, "கொஞ்ச நாள்தான்கா," என்றான். பின்வாசல் காவலாளி மட்டும்தான் அந்தக் கட்டடத்தில் அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டவன். இரும்புப் படியில் உட்கார்ந்து அவள் அவனோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள்.

பெரியவர்களுக்குப் பொய் பழகிவிட்டது. குழந்தைக்குத்தான் பழக்க வேண்டியிருந்தது.

"வெளியில அத்தைன்னு கூப்பிடக் கூடாது, சரியா?" என்று தாய் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"வேற எப்படிக் கூப்பிடுறது?"

"மத்த வீட்டுல எல்லாம் எப்படிக் கூப்பிடுறாங்களோ, அப்படி."

குழந்தை மற்ற வீடுகளைக் கவனித்தது. நன்றாகவே கவனித்தது.

ஒரு சனிக்கிழமை மாலை செயலாளர் மனைவி கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். சிறிது நேரம் திரைச்சீலையைப் புகழ்ந்தாள். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க வீட்டுல இருந்தவ திடீர்னு நின்னுட்டா. உங்க ஆள் வெளியில எங்கயோ போய் வேலை செய்யறாளாமே? அதை விட்டுட்டு எங்க வீட்டுக்கு வரட்டுமே. பாத்திரமும் தரையும்தான். நம்ம கட்டடத்து ஆளு நம்ம கட்டடத்துக்குள்ளயே இருக்கட்டும்."

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். இது ஒன்றும் சொல்லாத பார்வைதான். முடியாது என்று சொல்லத் தம்பிக்கு ஒரு காரணம் வேண்டும். இருந்தது ஒரே ஒரு காரணம். அதைச் சொன்னால் பளிங்குப் படி போய்விடும்.

"அதுக்கென்னங்க, தாராளமா," என்றான்.

பேச்சு நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் தானும் பங்கு கொள்ள நினைத்ததோ என்னவோ, சோபாவில் உட்கார்ந்திருந்த குழந்தை சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தது:

"ஏய்! ஆன்ட்டி வந்திருக்காங்க. தண்ணி கொண்டா!"

செயலாளர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "எவ்வளவு சமத்து! இப்பவே வீட்டை நிர்வாகம் பண்ணக் கத்துக்கிட்டாளே!" தாயும் சிரித்தாள். தம்பியும் சிரித்தான். சிரித்தான் என்பதை நான் இரண்டு முறை சொல்லத் தயார்.

அக்கா தண்ணீர் கொண்டு வந்தாள். அந்தக் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில், பிணவறையிலிருந்து கை கழுவிக் கழுவித் தோல் வெளுத்துப்போய் ஓடி வந்து, அதை முதலில் கையில் வாங்கியவள் அவள். டம்ளரை மேசைமேல் வைத்தாள். குழந்தையின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். குழந்தை பாராட்டுக்காகக் காத்திருந்தது. அதன்மேல் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் இடம் பார்த்துத்தான் போனது.

"ஐயா," என்றாள்.

அறையில் இருந்த ஒரே ஆண் தான்தான் என்று தம்பிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"ஐயா, நான் இன்னையோட வேலையை விட்டு நின்னுக்கிறேன்."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன... என்ன பேசற நீ?"

"வேலைக்கு இருக்கிறவ நின்னுக்கலாம் இல்லீங்களா? கூடப் பொறந்தவன்னா விட்டுட்டுப் போக மனசு வராது. நான் வேலைக்காரிதானே. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை."

அவள் உள்ளே போய்ப் பையோடு வந்தாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த அறையில் பையைப் பிரித்து அடுக்க இடம் இருந்ததில்லை. தம்பி எழுந்து நின்றான். அவளை நிறுத்த ஒரு வார்த்தை போதும். பேசக் கற்ற நாளிலிருந்து அவன் வாயில் இருந்த வார்த்தை. அக்கா வாசலில் நின்றாள். அதற்காகத்தான் நின்றாள். கொஞ்சம் அதிக நேரமே நின்றாள்.

தம்பி செயலாளர் மனைவியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

அக்கா முன்கதவைத் திறந்து பளிங்குப் படியில் இறங்கினாள்.

"முன்படியில போறாளே!" என்று செயலாளர் மனைவி பதறினாள்.

"வேலையை விட்டவ எந்தப் படியில போனா என்னங்கம்மா?" என்று கீழேயிருந்து பதில் வந்தது. அவசரமே இல்லாத குரல்.

ரயில் பாதையைத் தாண்டி அவள் டயர் கடைக்குப் போனாள். மாடி வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. மொட்டை மாடியில் ஓர் ஒற்றை அறை இருந்தது. வெயில் அங்கேயும் விழுந்தது. டயர் கடைக்காரி எதுவும் விசாரிக்காமல் சாவியைக் கொடுத்தாள். கேட் சாவியையும் சேர்த்துக் கொடுத்தாள்.

மேட்டு வீட்டில் குப்பை சேர்ந்தது. பளிங்குப் படியில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது, செயலாளர் பார்ப்பார். புதிதாக ஆள் வைக்கலாம் என்றால், மேட்டில் வாடகை கொடுத்த பிறகு அதற்கு வழியில்லை. இத்தனை நாள் இலவசமாகக் கிடைத்த வேலைக்காரியின் அருமை அப்போதுதான் தெரிந்தது. அக்காவின் அருமை அப்போதும் தெரியவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா," என்றாள் மனைவி. "நான் பின்படியில இறங்கினா என்னை என்னன்னு நினைப்பாங்க?"

அதனால் விடியற்காலையில் உதவி மேலாளர் பழைய பனியனோடு, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கி இரும்புப் படியில் இறங்கினான். பின்வாசல் காவலாளி முன்வாசல் மனிதர்களைப் பார்த்ததே இல்லை.

"புது ஆளா? எந்த வீட்டுல?"

"மூணாவது மாடி," என்றான் அவன்.

"அந்தம்மா இருந்த வீடா? நல்ல மனுஷிப்பா. நின்னுட்டாங்களாமே." காவலாளி கேட்டைத் திறந்துவிட்டான். "அவங்களுக்கு ஒரு தம்பி இருக்கானாம். கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சாங்களாம். இப்ப பெரிய உத்தியோகமாம். அவனைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. அவ்வளவு பெருமை." அவன் பக்கவாட்டில் காறித் துப்பினான். "அப்படிப்பட்ட அக்காவை வீட்டு வேலைக்கு அனுப்பிட்டு எங்கயோ சொகுசா உக்காந்திருக்கான் பாரு. அவனெல்லாம் ஒரு மனுஷனா? நீயே சொல்லு."

கூடை கனத்தது. மேலே ஏதோ ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் துண்டை முகத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஆமாங்க," என்றான்.

குப்பையைக் கொட்டிவிட்டு, காலிக் கூடையோடு பின்படியிலேயே ஏறிப் போனான்.