பொம்புளப் பக்கம்

மூன்றாவது தடவையும் அதே இடம் இறங்கிப்போயிற்று.

தலைமை மேசன் நூர்தீன் பாஸ் மட்டப்பலகையைப் பிடித்தபடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈரக் கொங்கிறீட்டின் மேல், ஒரு சோற்றுக் கோப்பை அகலத்துக்கு வட்டமாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. முதல் தடவை, கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்று நினைத்தார். ஒரு வாளி கொங்கிறீட்டைக் கொட்டிப் பலகையால் இழுத்து மட்டமாக்கினார். கால் மணித்தியாலத்தில் மறுபடியும் பள்ளம். இரண்டாவது தடவை, கம்பி வலை தாழ்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மூன்றாவது தடவைக்கு அவரிடம் சமாதானம் எதுவும் மிச்சமில்லை. கொட்டிய கொங்கிறீட் எங்கே போயிற்று? வெண்ணெயா அது, உருகி ஓட? கீழே ஏதோ ஒன்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தின்கிறது.

பள்ளத்துக்கு மூன்றடி தள்ளி, பாதையின் நட்ட நடுவில், இரண்டு பலகைத் துண்டுகளின் மேல் முழங்காலிட்டு, கொங்கிறீட்டின் முகத்தைக் கொத்துக் கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்தான் அஸ்ஜத். நூர்தீனின் மருமகன். மகள் றுமைஸாவுக்கு இது ஆறாம் மாதம். கரண்டி பிடிப்பதில் புத்தளத்தில் அவனை வெல்ல ஆளில்லை என்று நூர்தீனே வெளியில் சொல்வார், அவன் முகத்துக்கு நேரே மட்டும் சொல்லமாட்டார். தேய்த்து முடித்த இடத்தை விட்டு அவன் பின்பக்கமாகவே நகர்ந்து வருவான். இன்னும் இரண்டு இழுப்பு. பிறகு அடுத்த பலகையைத் தூக்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்தப் பள்ளத்தின் மேலேதான் வைப்பான்.

"அஸ்ஜத், கொஞ்சம் பொறு" என்றார். குரல் சாதாரணமாக வந்தது அவருக்கே ஆச்சரியம்.

"இறுகப் போகுது மாமா."

"பொறு எண்டு சொல்றன். அசையாம இரு."

தில்லையடியில் ஜபார் ஹாஜியார் கட்டிய வீடு அது. கேற்றிலிருந்து போர்டிக்கோ வரை அறுபதடி நீளம், பன்னிரண்டடி அகலத்தில் வாகனப் பாதை. காலையில் பாலாவிப் பக்கமிருந்து வந்த முதல் கலவை லொறி உள்ளே பின்னோக்கி வந்து, வீட்டுப் பக்கத்துப் பாதியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. மீதிப் பாதிக்கு இரண்டாவது லொறி வந்துகொண்டிருந்தது. ஸஜீத்தும் இன்னும் இரண்டு பேரும் கேற்றுப் பக்கம் கம்பி வலையை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் ஹாஜியார் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "பாஸ், இது அந்தக் காலத்து அகதி காம்ப் காணி. குழி கிழி ஏதும் கிடக்குமா? ஆள் கூப்பிட்டுத் தோண்டிப் பாப்பமா?"

நூர்தீன் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது திருப்பி எடுக்க முடியுமானால் ஒரு விரலை வெட்டிக் கொடுப்பார். "ஹாஜியார், தொண்ணூறுல மன்னாரிலிருந்து வந்து நான் பன்னெண்டு வருஷம் இருந்த எடம் இது. எந்தத் தென்னைக்குக் கீழ எந்தக் குடிசை எண்டு கேளுங்க, சொல்றன். எனக்குத் தெரியாத குழியா?"

நுணலும் தன் வாயால் கெடும். ஆனாலும் அவர் சும்மா சொல்லவில்லை. காம்பின் கக்கூஸ் குழிகள் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தன. கிழக்கு எல்லையோரம் ஆறு குழி, ஆறுக்கும் தகரக் கதவு. பன்னிரண்டு வயதில் தகரப் பேணியில் தண்ணீரோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அந்த இடம் மறக்குமா? ஹாஜியாரின் பாதை அங்கிருந்து நாற்பதடி தள்ளி. கடப்பாரையால் குத்திப் பார்க்கிற அவசியம்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கேற்றுக்கு வெளியே ஆட்டோ ஒன்று நின்றது. பிளேன்டீ போத்தலும் பாண் பையுமாக இறங்கியது சுல்பா, அவருடைய மனைவி. வழமையாக றுமைஸாதான் கொண்டுவருவாள். இன்றைக்கு அவளுக்குத் தலைச்சுற்று. இந்த வீட்டுக்குள் சுல்பா காலெடுத்து வைப்பது இதுதான் முதல் தடவை.

அவள் நாலடி வந்தாள், நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம், மதிலுக்கு அப்பால் தெரிந்த பொதுக் கிணற்றின் கப்பியைப் பார்த்தாள். பிறகு அந்தக் கிணற்றிலிருந்து வீட்டுப் பக்கமாக எதையோ கண்ணால் அளந்துகொண்டு வந்தாள். பாண் பை கையிலிருந்து நழுவியது.

"றுமைஸாட வாப்பா" என்றாள் மெல்ல. "இது எங்கட பக்கமெல்லோ?"

"என்ன பக்கம்?"

"பொம்புளப் பக்கம்."

நூர்தீன் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். பொம்புளப் பக்கம். உயரமாகக் கட்டிய கிடுகு வேலி. அதற்கு அங்கால் என்ன இருக்கிறது என்று எந்த ஆண்பிள்ளைக்கும் தெரியாது. எட்டிப் பார்த்தவனுக்கு அவனவன் வாப்பாவிடம் முதுகுத் தோல் போகும். பெண்களுக்கும் கக்கூஸ் வேண்டுமே, அவர்கள் எங்கே போனார்கள் என்று இந்த முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் யோசித்ததில்லை. அதே காம்பில் அவளைக் கட்டி, ஒரு பிள்ளையும் பெற்று, நூறு வீட்டுக்கு அத்திவாரம் போட்ட மனிதன். கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. மானமுள்ள குடும்பத்தில் யார் கக்கூஸ் கதை கதைப்பார்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டாவது லொறி வந்தது. பெரிய தாழி சுழல, பீப் பீப் என்று கத்திக்கொண்டு, கேற்றுக்குள் பின்பக்கத்தை நுழைத்தது. நிலம் அதிர்ந்தது. நூர்தீன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். சாரதி கில்பட், கல்பிட்டிக்காரன், கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, வரச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக வந்தான். ஸஜீத் ஓடிப்போய்க் கதவில் அறைந்தான். லொறி ஒரு குலுக்கலோடு நின்றது.

அந்தக் குலுக்கலில் அஸ்ஜத்துக்கு முன்னால், அவன் இப்போதுதான் கண்ணாடி போலத் தேய்த்துவிட்ட இடத்தில், இன்னொரு வட்டம் இறங்கியது.

அவன் அதைக் கண்டான். திரும்பிப் பின்னாலும் பார்த்தான். கெட்டிக்காரன், ஒருவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது.

"மாமா" என்றான். "கீழ ஒண்டும் இல்ல போல."

"ஒண்டும் ஆகாது மகன். மெதுவா எழும்பு." நூர்தீன் தோட்டப் பக்கத்து ஓரத்தில் குந்தி, மட்டப்பலகையை அவனை நோக்கி நீட்டினார். ஆறடிதான். பலகையின் நுனியை அவன் பிடித்துவிட்டால் இழுத்துவிடலாம். "இதப் பிடி. என்ட பக்கம் வா."

அஸ்ஜத் ஒரு முழங்காலைத் தூக்கினான்.

"வேணாம்!" சுல்பா கத்தினாள்.

அவள் கத்தி ஒருவரும் கேட்டதில்லை. மருமகனோடு நேரே கதைப்பதுகூட அவளுக்கு வழக்கமில்லை. சோறு போட்டிருக்கு என்பதையும் மகளிடம் சொல்லித்தான் அனுப்புவாள். அந்த மனுஷி இத்தனை ஆண்களுக்கு நடுவில், மதிலுக்கு வெளியே போகிறவனுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். "அங்கால போகாதீங்க மகன்! கக்கூஸ் குழி அந்தப் பக்கந்தான் நீளம். தென்னங்குத்தி போட்டு மூடினது, எல்லாம் உக்கியிருக்கும். றுமைஸாட வாப்பா, நீங்க குந்தியிருக்கிறதும் குழிக்கு மேலதான்!"

நூர்தீன் மட்டப்பலகையைக் கீழே வைத்தார். காலுக்குக் கீழே மண் இருக்கிறதா இல்லையா என்று காலாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். மனம் வீட்டுக்கு ஓடியது. றுமைஸாவுக்கு என்ன சொல்வேன்? எனக்குத் தெரியாத குழியா என்று சொன்னேனே, அந்த வாயால் என்ன சொல்வேன்?

சுல்பா செருப்பைக் கழற்றினாள். மதிலுக்கும் பாதைக்கும் நடுவில் பூக்கன்றுக்கு விட்டிருந்த ஒடுக்கமான மண் கீற்றில், மதிலை ஒரு கையால் தடவிக்கொண்டு நடந்தாள். உதடு அசைந்தது. கலிமாவா எண்ணிக்கையா தெரியவில்லை. அஸ்ஜத்துக்கு நேரே வந்ததும் அபாயாவை மற்றக் கையால் தூக்கிப் பிடித்து, ஈரக் கொங்கிறீட்டுக்குள் ஒரு காலை வைத்தாள். பிறகு மற்றக் காலை.

"சுல்பா!" என்றார் நூர்தீன்.

"இது நாங்க வரிசையில நிண்ட எடம்" என்றாள், அவரைப் பார்க்காமலே. "ராவையில வெளிச்சம் இல்ல. கால் பிசகினா விழுந்துருவம் எண்டு இந்த நடைபாதைய மட்டும் கல்லுப் போட்டு இறுக்கி வெச்சிருந்தம். ஒவ்வொரு குழிக்கு நடுவிலயும் ரெண்டடி நல்ல மண் இருக்கு. நீங்க இருக்கிறது அதுலதான் மகன். நேரா என்னப் பாத்து வாங்க. சரிய வேணாம்."

அஸ்ஜத் எழும்பினான். கால் கணுக்கால் வரை புதைந்தது. ஒன்று. கம்பி வலை அவன் சப்பாத்தில் கொளுவியது, குனிந்தான், சப்பாத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் இழுத்தான். இரண்டு. சுல்பா கையை நீட்டினாள். மூன்றாவது எட்டில் அந்தக் கையைப் பிடித்தான். வளையல் நெரிந்ததை நூர்தீன் அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

இருவரும் மதிலோடு ஒட்டியபோது பின்னால் ஒரு சத்தம். பெரிய சத்தம் ஒன்றுமில்லை, யாரோ ஏப்பம் விட்ட மாதிரி. முதல் பள்ளம் இருந்த இடம் அப்படியே கீழே போயிற்று. கொங்கிறீட், கம்பி வலை, அஸ்ஜத்தின் பலகை, கரண்டி வாளி, எல்லாம். வலை ஒரு பக்கம் கிழிந்து தொங்க, ஈரக் கலவை சுற்றிலுமிருந்து வழுக்கி வழுக்கி அந்த ஓட்டைக்குள் ஊற்றிக்கொண்டே இருந்தது. அடியில் விழுகிற சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் மேலே வந்தது.

நூர்தீன் எப்படித் தோட்டப் புல்லில் மல்லாந்து கிடந்தார் என்று அவருக்கே தெரியாது. ஸஜீத்தான் பின்னாலிருந்து சேர்ட்டைப் பிடித்து இழுத்திருந்தான். அவருக்கு அழுகை வந்தது. எல்லோருக்கும் முன்னால் அழுதார். மதிலோரம் அஸ்ஜத் மாமியின் கையை இன்னும் விடவில்லை.

ஜபார் ஹாஜியார் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார். ஓட்டையைப் பார்த்தார், ஆட்களை எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். உயிர் தப்பினதே பெரிசு. குழிதானே, கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிட்டாப் போச்சு."

"ஒண்டில்ல ஹாஜியார்" என்றாள் சுல்பா. "அஞ்சு."

கிணற்றுப் பக்கம் திரும்பி விரலை நீட்டினாள். "முதலாவது அங்க, லொறிக்குப் பக்கத்தில." கில்பட் கதவைத் திறந்து, சிலுவை போட்டுக்கொண்டு, மதில் பக்கமாகக் குதித்தான். "ரெண்டாவது, இந்தா விழுந்தது. மூண்டாவது, அந்த ரெண்டாவது பள்ளம்." விரல் மதிலோடு போய்க்கொண்டே இருந்தது. பாதை முடிந்தது. விரல் நிற்கவில்லை. "நாலு. அஞ்சு."

விரல் போய் நின்ற இடம் போர்டிக்கோ. நாலு தூண், மேலே தளம், தளத்துக்கு மேலே ஓர் அறை. சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த ஹாஜியாரின் மருமகள் ஃபர்ஸானா, இடுப்பில் பிள்ளையோடு இரண்டு தூணுக்கும் நடுவில் நின்று, "என்ன, என்ன நடந்த?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் நூர்தீனைப் பார்த்தார்கள். இந்தக் காணியில் எது எங்கே என்று தெரிந்தவர் அவர்தானே. புல்லிலிருந்து எழும்பி ஃபர்ஸானாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார், கூப்பிட வாயெடுத்தார். எடுத்தவர் நிறுத்திக்கொண்டு சுல்பாவின் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பக்கத்தால வரச் சொல்ல?" என்று கேட்டார்.