இடிவேந்தனின் குதிரை

கிளாரிசா புது விதி போட்டதே சிவநேசனால்தான். நண்பர்கள் சிலர் கைபேசிக் குழுவில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, மாறி மாறி எழுதிக் கதை வளர்க்கும் விளையாட்டு அது. சிவநேசன் எடுத்த வேடம் இடிவேந்தன் என்ற மாவீரன். யார் வாளை வீசினாலும் விலகிக்கொள்வான்; யார் அம்பு விட்டாலும் வழியிலேயே பிடித்து முறித்துவிடுவான். மாதக்கணக்கில் அவன் மேல் ஒரு கீறல்கூட விழாததில் மற்றவர்களுக்கு வெறுத்துப்போயிற்று.

இனி இரண்டு பேர் மோதினால் இருவரும் பகடை உருட்ட வேண்டும், பெரிய எண் வந்தவருக்கு வெற்றி என்றாள் கிளாரிசா. ஒன்று விழுந்தால் இன்னும் மோசம்: தோற்றுப்போன கதையை அவரே எழுத வேண்டும். குழுவில் 'உருட்டு' என்று தட்டினால் எண் தானாக வந்துவிடும். சிவநேசன் முனகிக்கொண்டே சம்மதித்தான்.

மறுநாள் காலை கிள்ளானில் கொமூட்டர் ரயில் ஏறி உட்கார்ந்தவன் கைபேசியைத் திறந்தான். கதையில் இடிவேந்தனை மலைப்பாதையில் கிளாரிசாவின் கொள்ளைக்காரி வழிமறித்து நின்றாள். கிளாரிசா உருட்டியதில் நான்கு. இவன் உருட்டியதில் ஒன்று.

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. எழுதச் சொல்லி எல்லோரும் நச்சரித்தார்கள். குழுவை விட்டே போய்விடலாமா என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தான். இடிவேந்தன் வாளை உருவினான். வாள் வரவில்லை, பிடி மட்டும் கையோடு வந்தது. பிடியைத் தூக்கி எறிந்தான். அது மரத்தில் பட்டுத் திரும்பி வந்து அவன் மூக்கிலேயே மோதியது. குதிரையிலிருந்து சரிந்தவன் பலாப்பழக் குவியலில் போய் உட்கார்ந்தான். எழுத எழுத விரல்கள் நிற்கவில்லை. ஜெயித்த கதை எதையும் இத்தனை ஆசையாக அவன் எழுதியதில்லை. வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டது.

பக்கத்தில், மருந்தகச் சீருடை போட்ட ஒரு பெண் வெகுநேரமாக எட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஜெரால்டின் என்பது பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, நீங்க விழுந்தது ஓகேலா. அந்தக் குதிரைக்கு என்ன ஆச்சு?"

குதிரையை அவன் மறந்தே போயிருந்தான். "நீங்களே உருட்டிப் பாருங்கக்கா," என்று கைபேசியை நீட்டினான்.

அவள் தட்டினாள். ஆறு.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டார்கள். ஜெரால்டின் சொல்லச் சொல்ல இவன் தட்டினான். குதிரை கொள்ளைக்காரியின் முந்தானையைக் கவ்வி, ஆற்றைத் தாண்டி, அவளுடைய ஆட்கள் முன்னாலேயே இழுத்துப்போனது. ஆட்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டுக் குதிரைக்குச் சலாம் வைத்தார்கள். குதிரைதான் இனி படைத்தலைவர் என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. எதிர் இருக்கைக்காரர் என்னவென்று கேட்டார். விளக்கப்போன ஜெரால்டின் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வழிந்தது.

நிமிர்ந்து பார்த்தால் இருவரும் இறங்க வேண்டிய கேஎல் சென்ட்ரல் நிலையம் எப்போதோ போயிருந்தது. பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி எதிர்மேடைக்கு ஓடினார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தன் மருந்தக முதலாளிக்குப் போன் போட்ட ஜெரால்டின், "பாஸ், கொஞ்சம் லேட்டாகும், குதிரை..." என்று தொடங்கி, சிரிப்பு தாங்காமல் போனைச் சிவநேசன் கையில் திணித்தாள்.

அவனும் "குதிரை..." என்றதோடு வெடித்துச் சிரித்துவிட்டான்.